சொட்டுற வால்வை அடைக்காதீங்க: இண்டூர் பாத்ரூமில் ஒரு ரிவிஷன் கிளாஸ்

நான் ஃபைனல் இயர் மெக்கானிக்கல். எல்கேஜி முதல் இங்கிலீஷ் மீடியம், தமிழ் எனக்கு ஒரு பாடம் மட்டும்தான். எழுத்துப்பிழை இருந்தால் எடிட்டோரியல் டீமைத் திட்டுங்கள், என்னை விட்டுடுங்கள்.

இந்தக் கட்டுரை வீட்டு பாத்ரூமில் இருக்கும் வாட்டர் ஹீட்டர் பற்றியது. சுடுதண்ணி ஏன் வரவில்லை, வந்தாலும் ஏன் நூல் மாதிரி வருகிறது, எதை நாமே சரி பண்ணலாம், எதைத் தொடவே கூடாது என்று வரிசையாகப் பார்க்கப் போகிறோம். நடுவில் நான் பண்ண இருந்த ஒரு தப்பையும் சொல்கிறேன். இதை எழுதுவதே அந்தத் தப்புக்காகத்தான்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் பஸ்ஸில் ஏறினால் வழியில் வரும் ஊர் இண்டூர். அங்கேதான் எங்க ஆயா வீடு. இந்தப் பொங்கல் லீவுக்குப் போயிருந்தேன். மார்கழிக் குளிர் இன்னும் விடவில்லை. ஆயாவுக்கு மூட்டு வலி, பச்சைத் தண்ணியில் குளிக்க முடியாது. முன்னாடி கொல்லைப்பக்கம் விறகடுப்பில் அண்டா வைத்துக் காய்ச்சுவார்கள். இப்போது மாமா வாங்கி மாட்டிய 15 லிட்டர் ஹீட்டர் இருக்கிறது. போன அன்றே மாமா பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, நாலு வருஷமா இன்ஜினியரிங் படிக்கிறியே, இந்த ஹீட்டர்ல சுடுதண்ணி ஏன் வரலைன்னு பாரு. இல்லன்னா புதுசுதான் வாங்கணும்."

மானம் போகிற விஷயம். ஸ்பேனரை எடுத்தேன்.

முதல் கேள்வி: சூடு இல்லையா, தண்ணி இல்லையா?

"சுடுதண்ணி வரலை" என்று வீட்டில் சொன்னால் உடனே எதையும் கழட்டாதீங்க. அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளே ரெண்டு வேறு வேறு கம்ப்ளெய்ன்ட் இருக்கிறது.

ஒன்று, தண்ணி நல்லா வருகிறது, ஆனால் சூடு இல்லை. இது பெரும்பாலும் கரண்ட் பக்கம்: காயில், தெர்மோஸ்டாட், கட்-அவுட், வயரிங்.

இன்னொன்று, சூடு இருக்கிறது, ஆனால் தண்ணி சரியா வரவில்லை. இது பைப் பக்கம்: டேங்க், வால்வு, அடைப்பு, காற்று.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு பக்கெட்டும் மொபைலில் ஸ்டாப்வாட்சும் போதும். பச்சைத் தண்ணி டேப்பை முழுசாகத் திறந்து 15 லிட்டர் பக்கெட் நிறைய எவ்வளவு நேரம் என்று பாருங்கள். அப்புறம் சுடுதண்ணி டேப்பில் அதே பக்கெட். ஆயா வீட்டில் பச்சைத் தண்ணிக்கு ரெண்டு நிமிஷம், சுடுதண்ணிக்கு ஒன்பது நிமிஷம் ஆனது. அதாவது ஒரு பக்கம் நிமிஷத்துக்கு 7.5 லிட்டர், இன்னொரு பக்கம் 1.7 லிட்டர்கூட இல்லை. வந்த தண்ணி கை வைக்க முடியாத சூடு. காயில் நல்லாதான் வேலை செய்கிறது, புது ஹீட்டர் தேவையில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

சூடு இல்லை என்றால்

முதலில் ஹீட்டர் மேல் இருக்கும் சின்ன லைட்டைப் பாருங்கள். சுவிட்ச் போட்டும் லைட்டே எரியவில்லை என்றால் ஹீட்டருக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது உள்ளே கட்-அவுட் விழுந்திருக்கிறது. லைட் எரிந்துகொண்டே இருக்கிறது, அரை மணி நேரம் ஆகியும் தண்ணி பச்சையாகவே இருக்கிறது என்றால் காயில் போயிருக்க வாய்ப்பு அதிகம். கொஞ்ச நேரத்திலேயே லைட் அணைந்துவிடுகிறது, தண்ணி வெதுவெதுப்புதான் என்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படுங்கள். மாடலுக்கு மாடல் லைட் கனெக்ஷன் மாறும் என்பதால் இது ஒரு துப்பு மட்டும்தான்.

எவ்வளவு நேரத்தில் சூடாக வேண்டும் என்று நாமே கணக்குப் போடலாம். 15 லிட்டர் தண்ணி, 22 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு. 15 × 4.19 × 38, கிட்டத்தட்ட 2390 கிலோஜூல். காயில் 2 கிலோவாட் என்றால் 1195 வினாடி, அதாவது 20 நிமிஷம். உங்க வீட்டு ஹீட்டர் இதே வேலைக்கு 40 நிமிஷம் எடுக்கிறது என்றால் எங்கேயோ கோளாறு. ஐந்தே நிமிஷத்தில் ஆஃப் பண்ணிவிட்டு "சூடே ஆகலை" என்று சொன்னால் கோளாறு ஹீட்டரில் இல்லை.

"முதல் பக்கெட் சூடு, மூணாவது பக்கெட் பச்சைத் தண்ணி" என்பதும் கோளாறு இல்லை. 60 டிகிரியில் இருக்கும் 15 லிட்டரை 22 டிகிரி தண்ணியோடு கலந்து 40 டிகிரிக்குக் கொண்டு வந்தால் மொத்தம் 31 லிட்டர் சொச்சம்தான் கிடைக்கும். ரெண்டு பக்கெட். அவ்வளவுதான் அந்த ஹீட்டரின் சரக்கு.

ஒரு கண்டிப்பான விஷயம். காயில், தெர்மோஸ்டாட், வயரிங் எதுவாக இருந்தாலும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கட்-அவுட் திரும்பத் திரும்ப விழுகிறது என்றால் அதை பைபாஸ் பண்ணச் சொல்லாதீங்க. தண்ணியைத் தொட்டால் லேசா "சுர்" என்று இருக்கிறது என்றால் அந்த நிமிஷமே மெயினை ஆஃப் பண்ணுங்கள், யாரும் குளிக்கக் கூடாது. எர்த் சரியாக இருக்கிறதா, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் இழுப்பது 8.7 ஆம்பியர், அதற்கு 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். ஹாஸ்டல் மக்களுக்கு: உங்க 1500 வாட் ராடு இழுப்பது 6.5 ஆம்பியர். மொபைல் சார்ஜர் சொருகும் 6 ஆம்பியர் சாக்கெட்டில் அடாப்டர் வைத்து அதைச் சொருகுறீங்க. கருகின வாசனை எங்கே இருந்து வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

தண்ணி வரவில்லை என்றால்

தண்ணி வருகிற வழியிலேயே நாமும் நடக்க வேண்டும். நடுவில் தாவக் கூடாது. மாடி டேங்க், கேட் வால்வு, ஹீட்டர் கீழே இருக்கும் ஆங்கிள் காக், கனெக்ஷன் பைப், ஹீட்டரின் இன்லெட் வால்வு, உள் டேங்க், அவுட்லெட், வால் மிக்சர், கடைசியாக ஷவர். இதுதான் ரூட்.

டேங்கில் தண்ணி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீங்க, பாதி கேஸ் இங்கேயே முடிந்துவிடும். அடுத்தது உயரம். நம்ம ஊர் வீடுகளில் மோட்டார் டேங்கை நிரப்பும், அப்புறம் தண்ணி தானாக இறங்கும். 10 மீட்டர் உயரத்துக்கு கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம். டேங்க் தண்ணி மட்டம் ஷவரைவிட 3 மீட்டர்தான் மேலே இருக்கிறது என்றால் கிடைப்பது 0.3 பார். இந்த அழுத்தத்துக்கு ஹோட்டல் மாதிரி மழை ஷவர் வாங்கி மாட்டினால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அது அடைப்பு இல்லை, ஃபிசிக்ஸ்.

பச்சைத் தண்ணி வேகமாகவும் சுடுதண்ணி மட்டும் மெதுவாகவும் வந்தால் டேங்க் மேல் பழி போட முடியாது. ஆங்கிள் காக் பாதி மூடியிருக்கிறதா பாருங்கள். ஷவர் முகத்தையும் டேப் வாயில் இருக்கும் சின்ன வலையையும் கழட்டிப் பாருங்கள், மணலும் வெள்ளைத் துகளும் அங்கேதான் சேரும். அதுவும் சுத்தமாக இருந்தால் இன்லெட் வால்வு பக்கம் போகலாம்.

அதற்கு முன்னாடி ஒரு டெஸ்ட். இது சில வால் மிக்சர்களில் வரும் ஒரு குறும்பு. மிக்சருக்குள் இருக்கும் வாஷரோ கார்ட்ரிட்ஜோ தேய்ந்துபோனால், பச்சைத் தண்ணி உள்ளேயே குறுக்கே பாய்ந்து சுடுதண்ணி லைனுக்குள் போய்விடும். ஹீட்டர் நல்லா இருக்கும், ஆனால் டேப்பில் வெதுவெதுப்பான தண்ணிதான் வரும். கண்டுபிடிப்பது சுலபம். ஹீட்டரை ஆஃப் பண்ணிவிட்டு ஹீட்டருக்குப் போகும் ஆங்கிள் காக்கை முழுசாக மூடுங்கள். இப்போது சுடுதண்ணி டேப்பை மட்டும் திறங்கள். கொஞ்சம் வந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், ஒன்று ஆங்கிள் காக் சரியாக மூடவில்லை, இல்லையென்றால் மிக்சர் வழியாகப் பச்சைத் தண்ணி குறுக்கே வருகிறது.

ஆயா வீட்டில் தண்ணி நின்றது. மிக்சர் நல்லா இருக்கிறது. மிச்சம் இருந்தது இன்லெட் வால்வு.

வில்லன்: சுண்ணாம்பு

தருமபுரி பக்கம் போர்த் தண்ணியில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பக்கெட் ஓரம் வெள்ளை, டேப் மேல் வெள்ளை, சோப்பு நுரைக்காது. குடிநீருக்கான இந்தியத் தரம், ஐஎஸ் 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு தண்ணியே இல்லை என்றால் 600 வரை போகலாம் என்றும் சொல்கிறது.

கடினத்தண்ணியில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கும். பச்சைத் தண்ணியாக இருக்கும்வரை அது சும்மா இருக்கும். சூடு பண்ணினால் கார்பன் டை ஆக்சைடு வெளியே போய், கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிந்துவிடும். அதாவது சுண்ணாம்புக்கல். எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் படியும்: காயில் மேல், டேங்க் அடியில், பக்கத்தில் இருக்கும் வால்வு வாயில். ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராம் படிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 60 லிட்டர் ஓடினால் 3 கிராம். வருஷத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல். அந்தக் கல் எல்லாம் ஹீட்டருக்குள்ளேதான் உட்கார்ந்திருக்கும். 60 டிகிரிக்கு மேலே வைத்தால் இன்னும் வேகமாகப் படியும். அதனால் தெர்மோஸ்டாட்டை 55, 60-க்கு மேலே தள்ளாதீங்க.

இந்தத் தண்ணி பற்றி இன்னொரு விஷயம். கேஸ் மிச்சம் பண்ணலாம் என்று ஹீட்டர் தண்ணியைப் பிடித்து உலை வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. நம்ம மாவட்டத்தில் போர்த் தண்ணியில் ஃப்ளோரைடு பிரச்சினை உண்டு. காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணி வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். தரத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5-ஐத் தாண்டவே கூடாது. பல்லும் எலும்பும் கெடுகிற இந்தப் பிரச்சினைக்காகத்தான் ஜப்பானின் ஜைக்கா கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் திறந்தார்கள். அந்தக் காவிரித் தண்ணி குடிக்கவும் சமைக்கவும். போர்த் தண்ணி ஓடும் ஹீட்டர் குளிக்க மட்டும்.

நான் பண்ண இருந்த தப்பு

மெயின் ஆஃப். ஆங்கிள் காக் மூடியாச்சு. சுடுதண்ணி டேப்பைத் திறந்து அழுத்தத்தை விட்டேன். தண்ணி ஆற ரெண்டு மணி நேரம் காத்திருந்தேன். அப்புறம் இன்லெட் வால்வைக் கழட்டினேன். பித்தளையில் கட்டைவிரல் அளவு ஒரு சாமான். உள்ளே தண்ணியை ஒரே பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு. அதன் வாய் முழுக்கச் சுண்ணாம்பு. பெருங்காயக் கட்டி மாதிரி இறுகியிருந்தது. தண்ணி போக ஒரு ஈர்க்குச்சி அளவுதான் சந்து.

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு வாங்கிச் சூடான தண்ணியில் கரைத்து வால்வை அதில் போட்டேன். புஸ்ஸென்று நுரை. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அதே மாதிரி புளிப்பு வைத்தியம்தான். (பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் தொடாதீங்க, பித்தளையையும் அரிக்கும், புகையும் ஆகாது.) ஒரு மணி நேரத்தில் வால்வு புதுசு மாதிரி ஆனது. ஊதிப் பார்த்தேன். ஒரு பக்கம் காற்று போகிறது, மறுபக்கம் சுத்தமா அடைக்கிறது. டெஃப்லான் டேப் சுற்றித் திரும்ப மாட்டினேன். ஆங்கிள் காக்கைத் திறந்தேன். சுடுதண்ணி டேப்பில் தண்ணி கொட்டியது. மாமா முகத்தில் சிரிப்பு. சுவிட்ச் போடக் கை போனது.

வாசலில் உட்கார்ந்திருந்த ஆயா கேட்டார். "ஏன் கண்ணு, அந்த மூக்குல முன்னல்லாம் தண்ணி சொட்டும். கிண்ணம் வெச்சுப் புடிச்சுத் துளசிக்கு ஊத்துவேன். இப்ப சொட்டுறதே இல்லையே, அதையும் சரி பண்ணிட்டியா?"

எந்த மூக்கு என்று பார்த்தேன். வால்வின் பக்கவாட்டில் ஒரு சின்ன குழாய். அதன் வாயில் ஒரு டம்மி, டேப் சுற்றி இறுக்கி முடுக்கியிருந்தது. ஊறப்போட்டதும் நான், துடைத்ததும் நான். இவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தும் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

"அது எப்பவும் சொட்டிக்கிட்டே இருந்துச்சு பாப்பா, சுவரெல்லாம் ஈரம். அதான் நானே ஒரு டம்மி போட்டு அடைச்சுட்டேன்" என்றார் மாமா.

எனக்கு வியர்த்துவிட்டது. அது சேஃப்டி வால்வு. தெர்மல் பேப்பரில் "பாய்லர் மவுண்டிங்ஸ்" என்று ஒரு கேள்வி வருமே, ஸ்பிரிங் லோடட் சேஃப்டி வால்வு படம் வரைந்து பாகம் குறித்து முழு மார்க் வாங்கியிருக்கிறேன். நிஜத்தில் கையில் இருந்தபோது தெரியவில்லை.

அந்த மூக்கு ஏன் சொட்டுகிறது?

தண்ணியைச் சூடு பண்ணினால் விரியும். 22 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் 60 டிகிரிக்குப் போகும்போது ஒன்றரை சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 220 மில்லி கூடும். ஒரு டம்ளர் தண்ணி. ஹீட்டர் டேங்க் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது, டேப்பும் மூடியிருக்கிறது. பின்னாடி போகலாம் என்றால் நான்-ரிட்டர்ன் வால்வு விடாது. தண்ணியை அமுக்கிச் சின்னதாக்கவும் முடியாது. அப்போது அழுத்தம் ஏறும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு அந்த மூக்கு வழியாக வெளியே வரும். ஆயா கிண்ணத்தில் பிடித்தது இந்த டம்ளர் தண்ணியைத்தான். ஹீட்டர் ஓடும்போது மட்டும் கொஞ்சம் சொட்டினால் அது ரிப்பேர் இல்லை, வால்வு வேலை செய்கிறது என்று அர்த்தம். ஹீட்டர் ஆஃபில் இருக்கும்போதும், ஆறின பிறகும், ராத்திரி பகல் சொட்டிக்கொண்டே இருந்தால்தான் வால்வை மாற்ற வேண்டும்.

அப்படியென்றால் டம்மி போட்ட பிறகு இவ்வளவு நாள் ஏன் ஒன்றும் ஆகவில்லை? இதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. சுண்ணாம்பு இருந்ததால் நான்-ரிட்டர்ன் வால்வு முழுசாக மூடவில்லை. விரிந்த தண்ணி அந்தச் சந்து வழியாக மெல்லப் பின்வாங்கி மாடி டேங்க் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஒரு கோளாறு இன்னொரு கோளாறை மறைத்து வைத்திருந்தது. நான் என்ன பண்ணினேன்? சுண்ணாம்பை எடுத்து வால்வை நன்றாக மூட வைத்தேன். டம்மியை அப்படியே விட்டேன். அதாவது எல்லா வழியையும் அடைத்து, ஹீட்டரை மூடின குண்டாக ஆக்கிவிட்டு சுவிட்ச் போடப் போனேன். ரிப்பேருக்கு முன்னாடி இருந்ததைவிட, ரிப்பேருக்குப் பிறகுதான் அந்த ஹீட்டர் ஆபத்தானது.

ஆபத்து எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். முதலில் தெர்மோஸ்டாட் இருக்கிறது, அது போனால் கட்-அவுட் இருக்கிறது. ரெண்டும் ஒட்டிக்கொண்டால் தண்ணி சூடாகிக்கொண்டே போகும். மூடிய டேங்கில் 100 டிகிரியில் கொதிக்காது. சுமார் 7 பார் அழுத்தத்தில் 170 டிகிரி வரை தண்ணியாகவே இருக்கும். அந்த நிலையில் டேங்க் கிழிந்தால் அழுத்தம் சட்டென்று விழும். தண்ணியில் 13 சதவீதம், ரெண்டு கிலோ, நொடியில் ஆவியாகும். ரெண்டு கிலோ தண்ணி 3300 லிட்டர் ஆவி. நாலடிக்கு ஆறடி, எட்டடி உயரம் உள்ள பாத்ரூமின் மொத்தக் கொள்ளளவே 5400 லிட்டர்தான். ஹீட்டர் இருப்பது ஆயா தலைக்கு மேலே.

இது பழைய பாடம். 1679-ல் டெனி பாப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர் எலும்பை வேகவைக்க ஒரு மூடிய பாத்திரம் செய்தார். நம்ம குக்கருக்கு அதுதான் பாட்டன். அது வெடிக்காமல் இருக்க எடை வைத்த வால்வையும் அவரேதான் பொருத்தினார். 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்த பிறகுதான் நம்ம நாட்டில் பாய்லருக்குச் சட்டம் போட ஆரம்பித்தார்கள், அது 1923-ல் நாடு முழுமைக்குமான இந்தியன் பாய்லர்ஸ் ஆக்ட் ஆனது. ஆனால் பாத்ரூமுக்குள் எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார். அங்கே நாம்தான்.

மாமாவிடம் ஸ்பிரிங், எக்ஸ்பான்ஷன் என்று ஆரம்பித்தேன். பாதி வார்த்தை எனக்குத் தமிழில் வரவில்லை, அவருக்கும் ஏறவில்லை. கடைசியில் இப்படிக் கேட்டேன். "மாமா, குக்கர் விசில் அடிச்சுக்கிட்டே இருக்குன்னு அத்தை வெயிட்ட அடைச்சு வெச்சா விடுவீங்களா?"

அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் மெயின் பாக்ஸில் ஹீட்டர் எம்சிபியை இறக்கிவிட்டு வந்தார். அன்றைக்கு ஆயாவுக்கு அண்டாவில்தான் வெந்நீர்.

மறுநாள் தருமபுரி டவுனில் ஒரு ஹார்டுவேர் கடையில் புது வால்வு வாங்கினோம், சில நூறு ரூபாய்தான். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஹீட்டர் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் டேங்க் தாங்கும் அழுத்தம் போட்டிருக்கும். வால்வு மேலேயும் ஒரு எண் பொறித்திருக்கும். வால்வின் எண் டேங்கின் எண்ணைத் தாண்டக் கூடாது. 8 பார் என்றாலும் 0.8 எம்பிஏ என்றாலும் ஒன்றுதான். பழைய சேஃப்டி வால்வைப் பிரித்து ஸ்பிரிங்கை இழுத்து ரிப்பேர் பண்ணாதீங்க, மாற்றிவிடுங்கள். நானும் ஊறப்போட்டு மினுக்கிய அந்தப் பழையதைத் திரும்ப மாட்டவில்லை. சுவர் ஈரமாகிறது என்று மாமா சொன்னது நியாயம்தான், அதற்கும் வழி பண்ணினோம். மூக்கில் ஒரு சின்ன டியூப் சொருகி, கீழ்நோக்கி விட்டு, தரையில் இருக்கும் ஓட்டை வரை கொண்டு வந்தோம். டியூபின் முனை திறந்தே இருக்க வேண்டும், மடங்கக் கூடாது.

லீவுக்கு வீட்டுக்குப் போனால் செய்ய வேண்டியவை

1. ஹீட்டர் அடியில் எட்டிப் பாருங்கள். இன்லெட் பக்கம் சேஃப்டி வால்வு இருக்கிறதா? இல்லை என்றால் பிளம்பரைக் கூப்பிட்டு மாட்டச் சொல்லுங்கள்.

2. வால்வின் மூக்கில் டம்மி, துணி, எம்-சீல் எதாவது இருக்கிறதா? இருந்தால் ஹீட்டரை ஆஃப் பண்ணுங்கள். வால்வை மாற்றிய பிறகு போட்டால் போதும்.

3. சில வீடுகளில் சுடுதண்ணி லைனிலிருந்து ஒரு பைப் மாடி டேங்குக்கு மேலே போய் வளைந்து திறந்திருக்கும். அதுவும் இதே வேலைக்குத்தான். அதன் வாயையும் அடைக்காதீங்க.

4. ஹீட்டருக்கும் உள் டேங்குக்கும் நடுவில் எதைக் கழட்டுவதாக இருந்தாலும் வரிசை இது: மெயின் ஆஃப், தண்ணி ஆறும்வரை காத்திருப்பு, ஆங்கிள் காக் மூடல், டேப்பைத் திறந்து அழுத்தத்தை விடுதல். திரும்ப ஆன் பண்ணும்போது முதலில் தண்ணி, சுடுதண்ணி டேப்பில் காற்று போய் ஒரே சீராக ஓடின பிறகுதான் கரண்ட்.

5. சுடுதண்ணி லைனில் சிபிவிசி பைப் போட்டிருக்கிறதா பாருங்கள். அது 90 டிகிரி வரை தாங்கும். சாதா பிவிசி 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும்.

6. பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணி, அப்புறம் சுடுதண்ணி. 60 டிகிரி தண்ணி சில வினாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். வயதானவர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது முக்கியம்.

7. கடினத்தண்ணி ஊர் என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ். உள்ளே இருக்கும் ஆனோட் ராடு கரைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க அந்த ராடுதான் தன்னைக் கரைத்துக்கொள்கிறது.

எதையாவது ரிப்பேர் பண்ணி முடித்ததும் "இது இப்போ நல்லா வேலை செய்யுதா" என்று மட்டும் கேட்காதீங்க. "இதைச் சரி பண்ணினதால வேற எது மாறிச்சு" என்று சேர்த்துக் கேளுங்கள். அந்த ரெண்டாவது கேள்வியை நான் கேட்கவில்லை. எங்க ஆயா கேட்டார், அவர் படித்தது மூணாவது வரை.

போன வாரம் போன் பண்ணினேன். மூட்டு வலி எப்படி இருக்கு என்று கேட்டதற்கு, "அது கெடக்குது கண்ணு. மூக்கு மறுபடி சொட்டுது, துளசி தழைஞ்சிருக்கு" என்றார்.